14,160 ரூபாயும் ஒரு மாம்பழமும்

ஏப்ரல் மூன்றாவது வாரம், ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றக்கூட விடாமல் மகன் ஒரு நோட்டீஸை நீட்டினான். வழவழப்பான தாள். அதில் ஒரு ரோபோ கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு சிரிக்கிறது. சம்மர் கோடிங் கேம்ப், அதாவது லீவில் கம்ப்யூட்டருக்குக் கட்டளை போடச் சொல்லிக் கொடுக்கும் வகுப்பு. ஸ்க்ராட்ச், பைத்தான், ஏஐ, ரோபாட்டிக்ஸ், ஆப் டெவலப்மென்ட். 5 வயது முதல் 15 வயது வரை. மொத்தம் 15 நாள், தினமும் 2 மணி நேரம். கீழே பொடி எழுத்தில் 12,000 ரூபாய். அதற்கும் கீழே, அதைவிடப் பொடியாக, ஜிஎஸ்டி தனி.

நான் பதினாறு வருடமாக ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவள். எந்தத் தாளைக் கொடுத்தாலும் பொடி எழுத்தைத்தான் முதலில் படிப்பேன். கோச்சிங் வகுப்புக்கு 18 சதவீதம், 12,000-க்கு 2,160. ஆக 14,160.

"என் கிளாஸ்ல நாலு பேர் சேர்றாங்கம்மா" என்றான். நாலாவது முடித்து ஐந்தாவது போகிறான். அவன் வயசில் நாலு பேர் என்றால் நாடே சேர்ந்த மாதிரி.

நாங்கள் இருப்பது நங்கநல்லூர். கேம்ப் நடப்பது வேளச்சேரி. என் கணவருக்குச் சிறுசேரியில் வேலை, காலை ஏழரைக்குக் கம்பெனி பஸ். எனக்கு ஒன்பதரைக்குக் கிண்டியில் இருக்க வேண்டும். வீட்டில் அத்தை இருக்கிறார்கள், எழுபத்தொரு வயது, மூட்டு வலி. லீவு என்றால் காலை எட்டிலிருந்து மாலை ஏழு வரை அத்தையும் பையனும் டிவி ரிமோட்டும்தான். மே நாலாம் தேதி கத்திரி தொடங்கிவிட்டால் வெளியே விளையாடவும் அனுப்ப முடியாது. இதையெல்லாம் அந்த நோட்டீஸ் அடித்தவர்கள் நன்றாகத் தெரிந்துதான் அடித்திருக்கிறார்கள்.

இரவு சாப்பாட்டின்போது பேச்சு வந்தது. கணவர் மென்பொருள் வேலையில் இருப்பவர். "அந்த அஞ்சையும் பதினஞ்சு நாள்ல சொல்லிக் கொடுக்கிறாங்களா? எனக்கே சேர்த்து ஒரு சீட் போடு" என்றார். சரி, நீங்களே சொல்லிக் கொடுங்களேன் என்றேன். "நாள் பூரா அதைத்தானே பாக்கறேன், வீட்டுக்கு வந்தும் அதேவா" என்று ரசத்தை ஊற்றிக்கொண்டார். இனிமேல் ஏஐயே எல்லாம் எழுதிவிடும், குழந்தைக்கு எதற்கு என்று ஒரு வாதமும் வைத்தார். கால்குலேட்டர் வந்த பிறகும் வாய்ப்பாடு மனப்பாடம் செய்யச் சொல்வதும் இவர்தான்.

அத்தை மட்டும் நேராகக் கேட்டார்கள். "ரெண்டு மணி நேரம்தானே? மீதி நேரம்?"

அந்தக் கேள்வியை அப்போது நான் சரியாகக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை டெமோ வகுப்பு, இலவசம். மருந்துக்கடைக்கு மேலே முதல் மாடி. ஏசி சில்லென்று இருந்தது, அதற்கே பாதிப் பெற்றோர் மனம் இளகியிருப்பார்கள். ரிசப்ஷனில் இருந்த பெண், "மேடம், திங்கட்கிழமைக்குள்ள கட்டிட்டா ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள பேக் ஃப்ரீ" என்றாள். அந்தப் பை பின்னாலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பாண்டி பஜார் நடைபாதையில் 250-க்கு மேல் சொல்ல மாட்டான். "இனிமே ஸ்கூல்லயே கோடிங் கட்டாயம் மேடம், நியூ எஜுகேஷன் பாலிசில வந்திருக்கு" என்றும் சொன்னாள். 2020-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கையில் கோடிங் பற்றி இருப்பது உண்மைதான், ஆறாம் வகுப்பிலிருந்து எட்டு வரையுள்ள நடுக்கட்டத்துக்கு. என் பையன் இன்னும் ஐந்துக்கே போகவில்லை. அப்படியே பள்ளியில் சொல்லிக் கொடுக்கத்தான் போகிறார்கள் என்றால், நான் ஏன் இங்கே முன்கூட்டிக் கட்ட வேண்டும்? கேட்கவில்லை. சிரித்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

பதினாலு பிள்ளைகள், ஏழு லேப்டாப். பெற்றோருக்குப் பின்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி. சொல்லிக் கொடுத்த சாருக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். திரையில் ஸ்க்ராட்ச் விரிந்தது.

ஸ்க்ராட்ச் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவின் எம்ஐடியில் மிட்ச்செல் ரெஸ்னிக் என்பவரின் குழு உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. முக்கியமாக எட்டு வயதிலிருந்து பதினாறு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது, அதற்கும் சின்னவர்களுக்கு ஸ்க்ராட்ச் ஜூனியர் என்று தனியாக ஒன்று உண்டு. கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை, கலர் கலராகத் துண்டுகள் இருக்கும், இழுத்து ஒன்றின் கீழ் ஒன்றாகக் கோக்க வேண்டும். நடக்கச் சொல்லும் துண்டு நீலம், எப்போது தொடங்க வேண்டும் என்று சொல்வது மஞ்சள். திரையில் ஒரு ஆரஞ்சுப் பூனை நிற்கும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, இது முழுக்க இலவசம். இணையத்திலேயே செய்யலாம், இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். இந்த விவரம் நோட்டீஸில் பொடி எழுத்தில்கூட இல்லை.

சார், "எல்லாரும் மூவ் டென் ஸ்டெப்ஸ் எடுத்து வைங்க" என்றார். எல்லாரும் வைத்தார்கள். பூனை பத்து அடி நகர்ந்தது. கைதட்டல்.

என் பையன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் ஏழாவதோ எட்டாவதோ, மௌஸை விடவே இல்லை. நான் சும்மா இருக்க முடியாமல் செல்போனில் ஸ்டாப்வாட்ச்சைப் போட்டேன். இவன் கை மௌஸில் பட்டால் ஓட விடுவது, எடுத்தால் நிறுத்துவது. கணக்கு எழுதுகிறவள் புத்தி, வேறென்ன. இருபதாவது நிமிடம் போல அந்தப் பெரிய பையன் தண்ணீர் குடிக்க எழுந்தான். இவன் மௌஸைப் பிடித்தான். முதல் வேலையாக அந்தப் பத்தை அழித்துவிட்டு ஆயிரம் போட்டான்.

பூனை ஒரே தாவில் திரையின் வலது ஓரத்துக்குப் போய் மாட்டிக்கொண்டது. உடம்பெல்லாம் வெளியே, வால் மட்டும் உள்ளே. இவன் சிரித்தான், நாற்காலியிலிருந்து எழுந்து நின்று சிரித்தான். மறுபடி அமுக்கினான். பூனை நகரவில்லை, வால் அப்படியே இருந்தது. ஏன் முழுதாக மறையவில்லை என்று முகத்தில் ஒரு கேள்வி வந்தது. வாயைத் திறப்பதற்குள் சார் வந்துவிட்டார். "தப்பு தப்பு, டென்தான் போடணும்" என்று இவன் கைக்கு மேலேயே கையை வைத்து ஆயிரத்தைப் பத்தாக்கி, பூனையை நடுவில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

நாற்பத்தைந்து நிமிட வகுப்பு முடிந்தபோது ஸ்டாப்வாட்ச் 4 நிமிடம் 10 விநாடி காட்டியது.

சாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதினாலு பிள்ளைகளில் பதினாலு பேரும் ஆயிரம் போட்டால் அவர் என்ன செய்வார்? நாற்பத்தைந்து நிமிடத்தில் பெற்றோர் முன்னால் பூனை நடந்தாக வேண்டும். இறங்கும்போது மாடிப்படியில் டீ குடித்துக்கொண்டு நின்றார். பேச்சுக் கொடுத்தேன். "நான் மெக்கானிக்கல் மேடம், போன வருஷம் பாஸ் அவுட். இது மே மாசம் மட்டும்தான்" என்றார். பதினைந்து நாளும் நீங்கள்தான் எடுப்பீர்களா என்றதற்கு, தெரியாது, எந்தச் சென்டருக்குப் போடுவார்கள் என்று அன்றன்றைக்குக் காலையில்தான் சொல்வார்கள் என்றார். நல்ல பிள்ளை. சம்பளத்தைக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் எனக்குத்தான் கஷ்டமாக இருந்திருக்கும்.

வண்டியில் திரும்பி வரும்போது அந்த வால்தான் கண்ணில் நின்றது. கூடவே கும்பகோணமும்.

1995, நான் ஆறாம் வகுப்பு. எங்கள் கான்வென்ட்டில் கம்ப்யூட்டர் ரூம் என்பது கிட்டத்தட்டக் கர்ப்பகிரகம். வாசலில் ஷூவைக் கழற்றி வரிசையாக வைக்க வேண்டும், பள்ளியிலேயே ஏசி உள்ள ஒரே அறை அதுதான். ஆறு கம்ப்யூட்டர், வெள்ளிக்கிழமை கடைசி பீரியட், ஒன்றுக்கு மூன்று பேர். லோகோ என்று ஒரு மொழி. அதை 1967-ல் உருவாக்கியவர்களில் ஒருவர் சேமர் பேப்பர்ட், பிள்ளைகள் கம்ப்யூட்டருக்குக் கட்டளை போட வேண்டும் என்று சொன்னவர். இதெல்லாம் பின்னாளில் படித்தது. அவர் எம்ஐடியில் இருந்தவர், ஸ்க்ராட்ச் ரெஸ்னிக் அவரோடு வேலை செய்தவர், இன்று ரெஸ்னிக் வகிக்கும் பேராசிரியர் பதவியின் பெயரிலேயே பேப்பர்ட் பெயர் இருக்கிறது. ஆக என் பையனின் பூனைக்கு என் ஆமை ஒருவிதத்தில் அத்தை முறை.

நாம் போடும் கட்டளைப்படி திரையில் நகர்ந்து கோடு போடுவதை லோகோவில் ஆமை என்று சொல்வார்கள், எங்கள் திரையில் அது வெறும் முக்கோணம். எஃப்டி 100 என்றால் நூறு அடி முன்னால் போகும். ஆர்டி 90 என்றால் வலப்பக்கம் தொண்ணூறு டிகிரி திரும்பும். நாலு தடவை செய்தால் சதுரம். ஒவ்வொரு தடவையும் அடிக்காமல் ரிப்பீட் என்று சொல்லி எத்தனை முறை என்று போடலாம். என் முறை வந்தபோது பதற்றத்தில் 90-க்குப் பதில் 91 அடித்துவிட்டேன். ரிப்பீட்டில் 4-க்குப் பதில் 100 என்றும் போட்டேன், அது பதற்றம் இல்லை, திமிர். ஆமை சதுரம் போட ஆரம்பித்தது, மூலை சேரவில்லை, கொஞ்சம் தள்ளி அடுத்த சதுரம், இன்னும் கொஞ்சம் தள்ளி அடுத்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் நாலு டிகிரி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை முழுக்கக் கூடை முடைந்தது போல ஒரு வட்டம் வந்தது.

மிஸ் வந்து பின்னால் நின்றார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் திட்டவில்லை. "எல்லாரும் இங்க வாங்கடி, இவ என்ன போட்டிருக்கா பாருங்க" என்றார். பதினெட்டுப் பெண்களும் வந்து நின்றார்கள். அந்த மாதம் முழுக்க 89, 92, 121 என்று ஆளுக்கொரு எண் போட்டு நோட்டில் வரைந்து வைத்தோம். நான் ஒன்றும் இன்ஜினியர் ஆகவில்லை, பி.காம்.தான் படித்தேன். ஆனாலும் இன்றைக்கும் ஒரு எக்செல் ஷீட்டில் ஏதோ ஒரு எண்ணை மாற்றிவிட்டு மொத்தம் எப்படி ஆடுகிறது என்று பார்ப்பதில் எனக்கு இருக்கும் சுகம் அந்த அறையிலிருந்து வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு பழைய வவுச்சரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். 14,160-ஐ முப்பது மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 472. போக வர அவர்கள் வேனுக்கு 2,500, அதையும் சேர்த்தால் 16,660, மணிக்கு 555. இவனுடைய கீபோர்டு வகுப்பு மாதம் 1,200, எட்டு மணி நேரம், மணிக்கு 150. கீபோர்டு வகுப்பில் அவன் விரல்தான் எல்லா நேரமும் கட்டையில் இருக்கிறது. கேம்பில் நாற்பத்தைந்து நிமிடத்துக்கு நாலு நிமிடம் என்ற விகிதம் அப்படியே தொடர்ந்தால், முப்பது மணி நேரத்தில் இவன் கை மௌஸில் இருப்பது மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. டெமோவை வைத்து எல்லாவற்றையும் தீர்மானிக்கக் கூடாதுதான். ஆனால் டெமோ என்பது கடைக்காரர் மேலே அடுக்கி வைக்கும் பழம். அடியில் இருப்பது அதைவிட நன்றாக இருந்து நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை ஃபோன் செய்து சில விஷயங்கள் கேட்டேன். ஒரு லேப்டாப்புக்கு ஒரு பிள்ளை கிடைக்குமா? "பேட்ச்சைப் பொறுத்து மேடம்." செய்ததை வீட்டுக்குக் கொண்டுவர ஃபைலைக் கொடுப்பீர்களா? "சர்டிஃபிகேட் கொடுப்போம் மேடம்." ரோபோ கிட்? "அது சென்டர் பிராப்பர்ட்டி மேடம், கடைசி நாள் போட்டோ எடுத்துக்கலாம்." ஐந்து வயதுப் பிள்ளையும் பதினைந்து வயதுப் பிள்ளையும் ஒரே பேட்ச்சா? இதற்கு மட்டும் சாரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். இந்த நாலில் இரண்டுக்காவது நேராகப் பதில் வந்திருந்தால் நான் யோசித்திருப்பேன். பதினைந்து நாளில் ஐந்து பாடம் என்பதும் உறுத்தியது. சரளி வரிசையில் தொடங்கிப் பதினைந்தாம் நாள் தில்லானா பாட வைக்கிறேன் என்று ஒரு பாட்டு வாத்தியார் சொன்னால் நாம் நம்புவோமா? கம்ப்யூட்டர் என்றால் மட்டும் நம்பிவிடுகிறோம்.

இப்படி எல்லாம் தெளிந்து, ஆபீஸில் மதியச் சாப்பாட்டின்போது பக்கத்து சீட் தோழியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் தன் மகளை வேறொரு கேம்பில் அதற்கு முதல் வாரமே சேர்த்திருந்தாள். அது பத்து மணி முதல் நாலு மணி வரை, மதியச் சாப்பாட்டோடு, 18,000. அவள் வீட்டில் மாமியார் இல்லை, அம்மா ஊரில். தயிர்சாத டப்பாவை மூடிக்கொண்டே சொன்னாள்: "அங்க கம்ப்யூட்டர் சொல்லித் தராங்களா, கோலம் சொல்லித் தராங்களான்னு எனக்கு அக்கறையே இல்லடி. நாலு மணி வரைக்கும் கதவு பூட்டின வீட்ல என் பொண்ணு தனியா இல்ல. மாசம் பூரா லீவு போட்டா சாருக்கு மூஞ்சி எப்படிப் போகும்னு உனக்குத் தெரியாதா?"

நான் என் டப்பாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தை கேட்டது அப்போதுதான் காதில் விழுந்தது. மீதி நேரம்? அவளுக்கு அந்த 18,000 சரியான விலை, மலிவுகூட. என் வீட்டில் அத்தை இருப்பதால்தான் நான் மௌஸ் நிமிடங்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன். அத்தை இல்லாவிட்டால் ஸ்டாப்வாட்ச் எல்லாம் போட்டிருக்க மாட்டேன், முதல் ஆளாய் க்யூவில் நின்று அந்தப் பையையும் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். ஆனால் எங்களுக்கு வந்த நோட்டீஸில் பகல் இரண்டு மணி நேரம்தான் போகும், மீதிப் பகல் அத்தை தலையில்தான். அதற்குக் குழந்தை காப்பக விலையும் கொடுத்து, பாடத்துக்கான விலையும் கொடுப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

ஆக கேம்ப் வேண்டாம். அதே பணத்தில் ஒரு லேப்டாப் வாங்குவது என்று முடிவானது.

அடுத்த சனிக்கிழமை நானும் பையனும் நங்கநல்லூர் ரோடு மெட்ரோவில் ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடந்தோம். ஒயர், ஸ்பீக்கர், பழைய மானிட்டர் என்று தெருவையே அடைத்துக்கொண்டு கடைகள். நாலு கடை ஏறி இறங்கி, ஏதோ கம்பெனி கழித்துவிட்ட லேப்டாப் ஒன்றை 13,500-க்கு முடித்தோம். "பேட்டரி சூப்பரா இருக்கும்கா, மூணு மணி நேரம் நிக்கும்" என்றார் கடைக்காரர். அக்கா என்று கூப்பிட்டதும் நான் பேரத்தை நிறுத்தியிருக்கக் கூடாது. பையனுக்குக் கரும்புச்சாறு.

சொல்லிக் கொடுக்க ஆள்? எங்கள் அபார்ட்மென்ட் மூன்றாவது மாடியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருடம் படிக்கும் பெண் இருக்கிறாள். அவளுக்கும் லீவு. காலையில் ஒரு மணி நேரம், பன்னிரண்டு நாள், நாளுக்கு 250. மொத்தம் 3,000. மூன்றாம் நாளிலிருந்து கீழ் வீட்டுச் சிறுமியும் அவள் அப்பாவின் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்துகொண்டாள், அவள் பங்கை அவள் அம்மா கொடுத்துவிட்டாள்.

13,500-ம் 3,000-ம் 16,500. வேனோடு சேர்த்துக் கேம்ப் 16,660. 160 ரூபாய் மிச்சம் என்று கணவரிடம் சொன்னேன். மறுநாளே டச்பேடில் இழுக்க வரவில்லை என்று மௌஸ் ஒன்று, 350. "இப்ப 190 நஷ்டம்" என்றார். இரண்டாவது வாரம் பேட்டரி இருபது நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. ஒருநாள் கரண்ட் போய், சேமிக்காமல் வைத்திருந்தது எல்லாம் போய், அழுது, நான் ஆபீஸில் இருக்கும்போது ஃபோன். புது பேட்டரி 1,900. இதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, வவுச்சரை எடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார்.

அந்தப் பெண், இவன் வாயில் 'கோடிங் அக்கா', முதல் நாள் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. "என்ன பண்ணலாம்னு நீ சொல்லு" என்று கேட்டிருக்கிறாள். சாப்பாட்டு மேசை மேல் கூடையில் பங்கனபள்ளி இருந்தது. மாம்பழம் மேலேயிருந்து விழ வேண்டும், கீழே கூடையை நகர்த்திப் பிடிக்க வேண்டும். அதுதான் விளையாட்டு. மாம்பழத்தை அவனே வரைந்தான். பார்க்க முந்திரிப் பருப்பு மாதிரி இருந்தது, யாரும் சொல்லவில்லை.

ஸ்க்ராட்ச் திரையின் நடு மையம்தான் பூஜ்ஜியம். மேல் விளிம்பு 180, கீழ் விளிம்பு மைனஸ் 180. பழம் விழ வேண்டுமென்றால் அதன் உயரத்தை ஒவ்வொரு தடவையும் மைனஸ் 5 மாற்ற வேண்டும். அன்று இரவு நான் இட்லிக்கு அரைத்துக்கொண்டிருக்கும்போது வந்து, "மைனஸ்னா என்னம்மா? ஒண்ணுமே இல்லாததுக்குக் கீழ எப்படிம்மா இருக்கும்?" என்றான். பள்ளியில் இது ஆறாம் வகுப்பில்தான் வரும். நான் கிரைண்டரை நிறுத்திவிட்டு, "பாட்டிகிட்ட நேத்து அஞ்சு ரூபாய் கடன் வாங்கினியே, உன் உண்டியல்ல இப்ப எவ்வளவு?" என்றேன். "ஒண்ணும் இல்ல." "வெறும் ஒண்ணும் இல்லையா?" கொஞ்ச நேரம் நின்றான். "ஒண்ணும் இல்ல, அதுக்கும் கீழ அஞ்சு" என்றான். போய்விட்டான். பதினாறு வருடக் கணக்கு வேலையில் டெபிட் கிரெடிட்டை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஐந்தாம் நாள் ஒரு சிக்கல். பழம் கூடையில் பட்டால் ஸ்கோர் ஒன்று ஏற வேண்டும். 17 ஏறியது. அடுத்த பழத்துக்கு 12. அடுத்ததற்கு 20. அக்காவுக்குக் காரணம் தெரிந்திருக்கும், உடனே சொல்லவில்லை. "பழம் கூடைக்குள்ள எவ்வளவு நேரம் இருக்கு பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் வீட்டில் இதே பேச்சு. கீழ் வீட்டுச் சிறுமிதான் கண்டுபிடித்தாள், பழத்தை மெதுவாக விழ வைத்தால் ஸ்கோர் இன்னும் அதிகமாக ஏறுகிறது என்று. ஸ்க்ராட்ச் அந்தக் கட்டளையைத் திரும்பத் திரும்ப, விநாடிக்கு முப்பது தடவை பார்க்கிறது. பழம் கூடையைத் தொட்டபடி அரை விநாடி இருந்தால்கூட, ஒவ்வொரு தடவையும் 'தொட்டாச்சா? தொட்டாச்சு, ஒண்ணு' என்று எண்ணிக்கொண்டே போகும். தொட்டவுடன் பழத்தை மேலே 180-க்கு அனுப்பிவிட்டால் தீர்ந்தது. அதைப் பையன் ஏழாம் நாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கண்டுபிடித்து, நுரையோடு ஓடிவந்து போட்டான். விசைப்பலகையில் இன்னும் அந்தப் பேஸ்ட் கறை இருக்கிறது.

ஆட்டத்தின் முதல் வாடிக்கையாளர் அத்தைதான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு அம்புக்குறி விசைகளில் இரண்டு விரல். மூன்று நிமிடம் ஆடிவிட்டு, "எப்பப் பாத்தாலும் ஒரே இடத்துலயே விழுதே, எந்த மரத்துலடா இப்படிக் காய்க்கும்?" என்றார்கள். நியாயமான கேள்வி. அன்றைக்குத்தான் பிள்ளைகள் ரேண்டம் என்ற துண்டைத் தேடி எடுத்தார்கள். மைனஸ் 200-லிருந்து 200-க்குள் ஏதோ ஓரிடம். அழுகின பழம் ஒன்றும் வந்தது, பிடித்தால் ஸ்கோர் மைனஸ் 3. அது அத்தை யோசனை இல்லை, ஆனால் அதில் அதிகம் மாட்டுவது அவர்கள்தான்.

எல்லாம் இப்படியே நடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். பன்னிரண்டு நாளில் ஒழுங்காக நடந்தது எட்டு நாள். ஒருநாள் அக்காவுக்குக் காய்ச்சல், ஒருநாள் கல்யாணம், இரண்டு நாள் இவன் உட்கார மாட்டேன் என்று அடம். லேப்டாப் வீட்டுக்குள் வந்துவிட்டதால் பிற்பகலில் அது யூடியூப் பெட்டியாக மாறியது, நான் ஆபீஸில் இருந்துகொண்டு அதைத் தடுக்க முடியவில்லை. அத்தையால் எழுந்து போய்ப் பிடுங்கவும் முடியாது. கேம்பில் இந்தத் தொல்லை இல்லை, இரண்டு மணி நேரம் முடிந்தால் லேப்டாப்பை மூடிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். 2010-ல் திறந்தது, முதல் தளத்தில் பிள்ளைகளுக்கென்றே பகுதி, நுழைவு இலவசம், ஏசியும் உண்டு. அங்கே அவன் கம்ப்யூட்டர் பற்றி ஒரு புத்தகத்தையும் தொடவில்லை. டைனோசர்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. ஜூனில் பள்ளி திறந்ததும் அந்த நாலு பேரும் கேம்ப் கதையே பேசினார்களாம். யார் சாரை எப்படிக் கிண்டல் செய்தார்கள், வேனில் யார் வாந்தி எடுத்தார்கள். இவனுக்கு அதில் இடம் இல்லை. பெற்றோர் வாட்ஸாப் குழுவில் சர்டிஃபிகேட் படங்கள் வரிசையாக வந்தன, ஒவ்வொன்றிலும் அந்தக் கூலிங் கிளாஸ் ரோபோ. இவன் என் செல்போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். "அவங்க பண்ண கேம் எங்க இருக்கும்மா?" என்றான். அவர்களிடமே கேள் என்றேன். கேட்டான். சென்டரிலேயே இருக்கிறதாம்.

ஆனாலும் அடுத்த வருடம் வேனில் போக வேண்டும் என்கிறான். அது கம்ப்யூட்டருக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் வவுச்சரில் 2,090 என்று கணவர் சிவப்பு மையில் எழுதி, பக்கத்தில் மைனஸ் குறி போட்டிருக்கிறார். போன வாரம் ரிசப்ஷன் பெண் மறுபடி கூப்பிட்டாள், காலாண்டு லீவுக்கு ஐந்து நாள் கேம்பாம். ஒரு பிள்ளைக்கு ஒரு லேப்டாப்பா என்று கேட்டேன். சாரிடம் கேட்டுச் சொல்கிறாளாம்.